எக்கோவில் "இதயம் பெரிது" என்று வந்திருக்கிறது, நெடுந்தூர சைக்கிளை நிறுத்த வேண்டுமா?

#1 நெடுவழி

வணக்கம் நண்பர்களே. வயது 51, பதினான்கு வருடமாக நெடுந்தூரம் ஓட்டுகிறேன். வருடத்துக்கு 11,000 கிலோமீட்டருக்குக் குறையாது, 200 கிலோமீட்டரில் தொடங்கி 600 வரை போகும், நேரக்கெடுவுக்குள் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டங்களின் தொடரை ஒன்பது முறை முடித்திருக்கிறேன். புகை, மது இரண்டும் இல்லை. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. ஓய்வில் நாடி 42, தூக்கத்தில் 36 வரை இறங்குவதாக வாட்ச் காட்டும், இதை இத்தனை நாளும் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் தோள்பட்டையில் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்கு முன்னால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னார்கள். அறிக்கையில் இடது கீழறை 61 மில்லிமீட்டர், விரிந்திருக்கிறது, இடது மேலறையும் பெரிது, பம்பிங் 52 சதவீதம் என்று இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் நான் என்ன உடற்பயிற்சி செய்கிறேன் என்று கேட்கவே இல்லை. "இதயம் வீங்கியிருக்கிறது, இனிமேல் மாடிப்படி கூட மெதுவாகத்தான் ஏற வேண்டும்" என்றார். பயந்துபோய் இன்னொருவரிடம் போனேன். அவர் சைக்கிள் என்ற வார்த்தையைக் கேட்டதும் அறிக்கையை மூடிவிட்டார். "உங்களுக்கு இது இப்படித்தான் இருக்கும், போய் ஓட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

ஒரே காகிதத்துக்கு இரண்டு பதில்கள். மூன்று வாரமாக சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை. இதை அனுபவித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மேடேறி

முதலாமவர் சொன்னதை மறந்துவிடுங்கள் நண்பரே. எனக்கு 57 ஆகிறது. என் அப்பா 58-ல் மாரடைப்பில் போனார், வியர்க்க வியர்க்க ஒரு நாள் நடந்தவர் இல்லை. நான் 40 வயதில் 94 கிலோ இருந்தேன், இன்று 71. இந்தச் சைக்கிள் இல்லையென்றால் நானும் அவர் வழியில்தான் போயிருப்பேன் என்று முழுமனதாக நம்புகிறேன்.

நம்பிக்கை மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. 1947 முதல் 2012 வரை டூர் டி பிரான்ஸ் ஓட்டிய 786 பிரெஞ்சு வீரர்களை எடுத்துப் பார்த்தார்கள், அதே வயது பிரெஞ்சு ஆண்களைவிட இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. அதற்கு முன்பே 1930 முதல் 1964 வரை ஓட்டிய பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம் வீரர்கள் 834 பேரைப் பார்த்ததில், பாதிப் பேர் இறந்த வயது பொது மக்களுக்கு 73.5, இவர்களுக்கு 81.5. மூன்று வாரம் மலை மலையாக ஏறியவர்களே எட்டு வருடம் கூடுதலாக வாழ்ந்திருக்கும்போது நாம் மாதத்துக்கு ஒரு 300 ஓட்டி இதயத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டோம்.

#3 எதிர்க்காற்று

நான் எக்கோ எடுக்கும் வேலையில் 16 வருடமாக இருக்கிறேன், சைக்கிளும் ஓட்டுவேன். மருத்துவர் அல்ல, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த 61, 52 என்ற எண்களோடுதான் தினமும் இருக்கிறேன், அதனால் அவை எங்கிருந்து வருகின்றன என்று சொல்ல முடியும்.

உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இதயம் நிமிடத்துக்கு 4 முதல் 5 லிட்டர் ரத்தம் தள்ளினால் போதும். பயிற்சி இல்லாதவர் முழு மூச்சில் மிதித்தால் 20 லிட்டர் பக்கம் போகும். உலகத் தரத்து நெடுந்தூர வீரர்களிடம் 35 லிட்டர், சிலரிடம் 40 வரை வந்திருக்கிறது. உச்சத் துடிப்பு பயிற்சியால் ஏறுவதில்லை, அது பெரும்பாலும் பிறப்பும் வயதும் கொடுத்தது. அப்புறம் அந்த 20 லிட்டர் கூடுதல் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் தள்ளினால்தான் வரும். பயிற்சி தொடங்கிய சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, திரும்பி வரும் ரத்தம் அதிகமாகிறது, அதை வாங்கிக்கொள்ள அறைகள் மாதக்கணக்கில் மெல்ல விரிகின்றன, விரிந்த அறையைத் தாங்க சுவரும் கொஞ்சம் தடிக்கிறது. சைக்கிளில் இன்னொரு சுமையும் உண்டு: மேட்டில் தொடையை அழுத்தி, கைப்பிடியை இறுக்கி மிதிக்கும்போது ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறும். அளவுச் சுமை, அழுத்தச் சுமை இரண்டும் ஒன்றாக விழுவதால்தான் சைக்கிள்காரர்கள், துடுப்புப் படகுக்காரர்கள் இதயங்கள் மற்ற விளையாட்டுக்காரர்களைவிட அதிகம் மாறியிருக்கும்.

இப்போது பம்பிங். ஒரு சாதாரண இதயம் 100 மில்லி நிறைந்து 60 தள்ளினால் 60 சதவீதம், நாடி 70 என்றால் நிமிடத்துக்கு 4.2 லிட்டர். உங்கள் இதயம் 190 மில்லி நிறைந்து 99 தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 52 சதவீதம்தான், ஆனால் நாடி 42-ஐ வைத்துப் பெருக்கினால் ஏறக்குறைய அதே 4.2 லிட்டர். ஓய்வில் உடம்பு கேட்பது அவ்வளவுதான், அதற்கு மேல் பிழிந்து தள்ள வேண்டிய அவசியம் அந்த இதயத்துக்கு இல்லை. நோயால் விரிந்த இதயமும் ஓய்வில் இதே எண்ணைக் காட்டலாம், அதுதான் சிக்கல். வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் அதை வேலை செய்ய வைத்துப் பார்க்க வேண்டும். மிதிக்க வைத்து எடுக்கும் எக்கோவில் பம்பிங் நன்றாக மேலே ஏறினால் அது பயிற்சியின் இதயம், ஏறாமல் அங்கேயே நின்றால் யோசிக்க வேண்டிய இதயம்.

அதனால் முதலாமவர் அவசரப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டாமவரும் அவசரப்பட்டார். அவர் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நான் கேட்கிறேன்: எக்கோ எடுத்தது கடைசி நீண்ட ஓட்டத்துக்கு எத்தனை நாள் கழித்து? ஓட்டும்போதோ ஓட்டி நிறுத்தியதுமோ மயக்கம் வந்ததா? நெஞ்சில் இறுக்கம்? காரணமில்லாமல் சக்தி குறைந்ததா? குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்தார்களா? படபடப்பு?

#4 எண்ணிப்பார்

எதிர்க்காற்று சொன்னதற்குப் பக்கபலமாக. விளையாட்டு வீரர்களின் இதயம் பெரிது என்பதை 1899-லேயே ஹென்ஷன் என்ற ஸ்வீடன் மருத்துவர் எழுதிவிட்டார், எக்ஸ்ரே கூட வைக்காமல் பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, ஒலி மாறும் இடத்தை வைத்தே கண்டுபிடித்தார். 1991-ல் இத்தாலியில் பெல்லிச்சியா குழு 947 உயர்நிலை வீரர்களை அளந்தபோது சுவர் 13 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் 16 பேர் மட்டுமே, அவர்கள் எல்லோருக்கும் அறையும் விரிந்திருந்தது. சுவர் மட்டும் தடித்து அறை சின்னதாக இருந்தால் அது வேறு கதை, அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதக் கூடாது.

நெடுவழி அவர்களுக்கு நேராகப் பொருந்துவது பிரான்சில் அபெர்ஜெல் குழு செய்தது. 1995, 1998 டூர் வீரர்கள் 286 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களின் இடது கீழறை 60 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது, ஏறக்குறைய 12 சதவீதம் பேருக்கு ஓய்வில் பம்பிங் 52 அல்லது அதற்குக் கீழே. உங்கள் அறிக்கையை அந்தக் கூட்டத்தில் வைத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் இருபதுகளில் இருந்த தொழில்முறை வீரர்கள், உங்களுக்கு 51. அந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

மேடேறி அண்ணா, நீங்கள் சொன்ன ஆயுள் எண்கள் சரி. ஆனால் டூர் ஓட்டும் அளவுக்கு வந்தவர்கள் பிறப்பிலேயே வலுவான உடம்புக்காரர்கள், அவர்களை ஊரில் எல்லோரோடும் ஒப்பிடும்போது சைக்கிள் எவ்வளவு கொடுத்தது, பிறப்பு எவ்வளவு கொடுத்தது என்று பிரிக்க முடியாது.

#5 நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. எதிர்க்காற்று, உங்கள் கேள்விகளைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

எக்கோ எடுத்தது ஒரு 400 முடித்த மூன்றாம் நாள். மயக்கம் இல்லை, நெஞ்சுவலி இல்லை, குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை. ஆனால் படபடப்பு இருக்கிறது. இரண்டு மருத்துவர்களிடமும் நான் அதைச் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஒன்றரை வருடத்தில் ஐந்தாறு முறை இருக்கும். எப்போதும் நள்ளிரவில்தான், பெரும்பாலும் நீண்ட ஓட்டம் முடிந்த அன்றோ மறுநாளோ. நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல இருக்கும், தாளமே இருக்காது, எழுந்து உட்கார்ந்து நாடியைப் பிடித்தால் எண்ண முடியாது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். மறுநாள் அதே மேட்டில் மிதிக்கும் சக்தி வழக்கத்தைவிட 30 வாட் குறைவாக இருக்கும், களைப்பு என்று விட்டுவிடுவேன். வாட்ச் ஒருமுறை "ஒழுங்கற்ற துடிப்பு" என்று எச்சரித்தது, பட்டை தளர்ந்திருக்கும் என்று அதையும் அழித்துவிட்டேன்.

சொன்னால் ஓட்டாதே என்பார்கள் என்ற பயம்தான் காரணம், வேறு எதுவும் இல்லை.

#6 பின்சக்கரம்

நெடுவழி, நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு வரியும் என் கதை. அதனால் நேராகவே சொல்கிறேன்: இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, சுருக்கமாக ஏஎஃப், இருக்க வாய்ப்பு அதிகம். வரும்போதே ஈசிஜியில் பிடித்தால்தான் உறுதியாகும்.

எனக்கு 48-ல் தொடங்கியது. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும், அந்தக் குழப்பமான மின்தூண்டல் கீழறைக்கு இறங்கி நாடி தாளம் கெடும். நெடுந்தூரக்காரர்களுக்கு ஏன் வருகிறது என்று எனக்கு விளக்கிய மருத்துவர் மூன்று விஷயம் சொன்னார், அவை ஒன்றையொன்று தூக்கிவிடும் என்றார். வருடக்கணக்கில் கூடுதல் ரத்தம் வாங்கி மேலறை விரிந்துபோகிறது, அதன் மெல்லிய சுவரில் அங்கங்கே நார் படியலாம். இரண்டாவது, நாடியை இறக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடி தூக்கத்தில் இன்னும் இறுகும், அப்போது மேலறைத் தசை சின்னத் தூண்டலுக்கும் நடுங்கத் தயாராக இருக்கும், அதனால்தான் நள்ளிரவு. மூன்றாவது, பெரிய ஓட்டத்துக்குப் பிறகு உடம்பில் சில நாள் இருக்கும் அழற்சி. அந்தத் தூண்டல் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிலிருந்து வருகிறது என்று 1998-ல் போர்தோவில் ஹைசாகேர் குழு காட்டியது, இன்றைய அப்லேஷன் என்ற சிகிச்சை அந்த வாயில்களைச் சுற்றித் தழும்பு வேலி போடுவதுதான்.

நான் இரண்டு வருடம் மறைத்தேன். முதலில் இரண்டு மணி நேரம், அப்புறம் பத்து மணி நேரம், கடைசியில் நான்கு நாள் நிற்கவே இல்லை. நெடுந்தூரம் ஓட்டுகிற உடம்பு என்பதால் அந்த நான்கு நாளும் எழுந்து வேலைக்குப் போக முடிந்தது, அதுதான் ஆபத்து. மேலறையில் ரத்தம் தேங்கினால் கட்டி உருவாகி மூளைக்குப் போகலாம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தார்கள், ஏற்கெனவே 44-ல் இருந்த நாடி இன்னும் இறங்கி மேடு ஏறவே முடியவில்லை. கடைசியில் அப்லேஷன் செய்துகொண்டேன். மூன்று வருடம் ஆகிறது, திரும்ப வரவில்லை. ஓய்வு நாடி 58 ஆகிவிட்டது, சிகிச்சையில் அந்தப் பக்கத்து நரம்பு முடிச்சுகளும் கொஞ்சம் சுடப்படுவதால் அப்படி ஆவது வழக்கம் என்றார்கள்.

தயவுசெய்து இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். மறைத்த இரண்டு வருடத்தில் என் மேலறை எவ்வளவு விரிந்தது என்று எனக்குத் தெரியும்.

#7 மேடேறி

பின்சக்கரம், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், நெடுவழி உடனே போக வேண்டும் என்பதிலும் மறுபேச்சு இல்லை. ஆனால் இதைப் படிக்கும் நூறு பேரில் தொண்ணூறு பேர் வாரத்துக்கு மூன்று மணி நேரம்கூட மிதிக்காதவர்கள். "சைக்கிள் இதயத்தைக் கெடுக்கும்" என்று ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவார்கள். என் அப்பாவைப் போல. அதுதான் எனக்குக் கோபம். ஏஎஃப் ஓட்டாதவர்களுக்கும்தான் வருகிறது, அதிக எடை, ரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், மது, இவைதானே பெரிய காரணங்கள்?

#8 எண்ணிப்பார்

அண்ணா, உங்கள் கோபம் நியாயம். எவ்வளவு ஓட்டினால் என்ன ஆகிறது என்று பிரித்துச் சொல்லாததால்தான் இந்தக் குழப்பம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அங்கே ஏஎஃப் கூடுவதில்லை, குறைகிறது. நாம் பேசுவது அதைப் பல மடங்கு தாண்டி, அதுவும் இருபது முப்பது வருடம் தாண்டிப் போகிறவர்களைப் பற்றி. ஸ்வீடனில் வாசாலோப்பெட் என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியில் 1989 முதல் 1998 வரை முடித்த 52,755 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒருமுறை மட்டும் முடித்தவர்களைவிட ஐந்து அல்லது அதற்கு மேல் முடித்தவர்களுக்கு ஏஎஃப் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். அதே நாட்டில் 2019-ல் வந்த இன்னும் பெரிய ஆய்வில், சறுக்கும் பெண்களுக்குச் சறுக்காத பெண்களைவிட ஏஎஃப் குறைவாகவே இருந்தது, ஆண்களும் பெண்களும் பக்கவாதத்தில் சறுக்காதவர்களைவிட நல்ல நிலையில்தான் இருந்தார்கள். அதாவது தாளக் கோளாறு வரலாம், ஆனால் மொத்தக் கணக்கில் உழைக்கும் உடம்புதான் ஜெயிக்கிறது.

சைக்கிளில் என்று பார்த்தால் ஸ்விட்சர்லாந்து ஆய்வு. 1955 முதல் 1975 வரை டூர் டி ஸ்விஸ் ஓட்டிய முன்னாள் தொழில்முறையினர் 62 பேரையும், அதே வயதில் கோல்ஃப் ஆடியவர்கள் 62 பேரையும் வைத்துப் பார்த்தார்கள். சைக்கிள்காரர்களில் 10 சதவீதம் பேருக்கு ஏஎஃப் அல்லது அதன் உறவான ஃப்ளட்டர், கோல்ஃப்காரர்களில் ஒருவருக்கும் இல்லை. துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணுவின் கோளாறு 16 சதவீதத்துக்கு 2 சதவீதம். ஓட்டம் நிறுத்திப் பல பத்தாண்டு கழித்து எடுத்த கணக்கு இது. நாடி 42 என்பது வேகஸ் நரம்பின் வேலை மட்டும்தான் என்று முன்பு நினைத்தார்கள், பயிற்சி கொடுத்த எலிகளில் அந்தக் கணுவின் செல்களே மாறியிருப்பதை 2014-ல் காட்டினார்கள். குறைந்த நாடி நல்ல அடையாளம்தான், ஆனால் பகலில் தலைசுற்றலோடு வந்தால் பெருமைப்படாமல் பார்க்க வேண்டிய ஒன்று.

#9 புதுமிதி

எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பயத்தோடு கேட்கிறேன். வயது 29, பெண், ஓட்டத் தொடங்கி எட்டு மாதம், அடுத்த மாதம் முதல் 200. போன ஞாயிறு கிளம்பிப் பத்து நிமிடத்தில் துடிப்பு எண்ணும் மார்புப் பட்டை 214 என்று காட்டியது, அப்போது சும்மா பேசிக்கொண்டுதான் மிதித்தேன். இன்னொன்று, இப்போது மூன்று நாளாகக் காய்ச்சல், மாத்திரை போட்டால் இறங்குகிறது. பயிற்சி தவறிவிடும் என்பதால் நாளைக்கு மெதுவாக 80 ஓட்டலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

#10 எதிர்க்காற்று

இல்லை, சரியில்லை. நாளைக்குச் சைக்கிளைத் தொடவே வேண்டாம் தங்கையே.

214-ஐப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கிளம்பிய முதல் பத்து நிமிடம், வியர்வை இல்லாத காய்ந்த பட்டை, காற்றில் படபடக்கும் ஜெர்சி, இந்த மூன்றும் சேர்ந்தால் பட்டை இல்லாத துடிப்பை எண்ணும். அடுத்த முறை தண்ணீர் தொட்டு ஈரமாக்கிக் கட்டுங்கள். மணிக்கட்டு வாட்ச் வேறு விதமாக ஏமாற்றும், கைப்பிடியின் அதிர்வில் உங்கள் மிதி வேகத்தையே துடிப்பு என்று காட்டும். ஆனால் நன்றாக வியர்த்த பிறகு, 145-ல் இருந்து ஒரே நொடியில் 200-க்குத் தாவி, கால் நிறுத்தியும் அங்கேயே நின்று, அப்புறம் ஒரே நொடியில் கீழே விழுந்தால், அப்போது உங்களுக்கும் மூச்சு முட்டினால், அது கருவியின் கோளாறாக இருக்காது, பதிவைக் காட்டி ஈசிஜி எடுக்க வேண்டும்.

காய்ச்சல்தான் எனக்குக் கவலை. சில வைரஸ்கள் இதயத் தசையில் அழற்சி உண்டாக்கும், மயோகார்டைட்டிஸ் என்பார்கள். அந்த நேரத்தில் இதயத்தைக் கடுமையாக வேலை வாங்கினால் அழற்சி பெருகும், ஆபத்தான தாளக் கோளாறு வரலாம், தழும்பு நிலைத்துவிடலாம். உறுதியானால் பெரும்பாலும் மாதக்கணக்கில் போட்டியும் பயிற்சியும் கிடையாது, எப்போது திரும்பலாம் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மூக்கடைப்பு, தொண்டை எரிச்சல் போல கழுத்துக்கு மேலே மட்டும் என்றால் லேசாக ஓட்டலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச் சளி என்றால் முழு ஓய்வு. மாத்திரையால் இறங்கிய காய்ச்சல் போன காய்ச்சல் ஆகாது. 200 அடுத்த மாதம் இல்லையென்றால் அதற்கடுத்த மாதம் வரும்.

#11 புதுமிதி

நன்றி அக்கா. 200-க்குக் கொடுத்திருந்த பெயரை விலக்கிக்கொண்டேன். ஒரே ஒரு கேள்வி, ஒரு நீண்ட ஓட்டம் முடிந்ததும் இதயத்துக்குள் என்ன ஆகிறது? உடனே சரியாகிவிடுமா?

#12 எண்ணிப்பார்

வலது கீழறைதான் அதிகம் களைக்கிறது. இடது பக்கம் தடித்த சுவர், உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகியது. வலது பக்கம் மெல்லிய சுவர், ஓய்வில் நுரையீரலுக்குள் தள்ள அதற்குச் சின்ன அழுத்தம் போதும். கடுமையாக மிதிக்கும்போது நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறும் விகிதம் இடது பக்கத்தைவிட அதிகம், அதை மணிக்கணக்கில் சுமக்க வேண்டும். 2012-ல் லா கெர்ஷ் குழு மாரத்தான், மலைச்சாலை சைக்கிள், டிரையத்லான் முடித்த 40 பேரை உடனே அளந்தபோது இடது கீழறை பெரிதாகக் குறையவில்லை, வலது கீழறை தளர்ந்திருந்தது. ஓட்டம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தளர்ச்சி. ஒரு வாரத்தில் பெரும்பாலும் பழையபடி ஆகிவிட்டது. எம்ஆர்ஐ எடுத்த 39 பேரில் 5 பேருக்கு நடுச்சுவரில் சின்னத் தழும்பு தெரிந்தது, அவர்கள் மற்றவர்களைவிட நீண்ட காலம் போட்டிகளில் இருந்தவர்கள்.

இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் வரும் ட்ரோபோனினும் ஏறும். நார்வேயில் 91 கிலோமீட்டர் மலைச்சைக்கிள் போட்டி ஓட்டிய ஆயிரம் பொழுதுபோக்குக்காரர்களிடம் 2014-ல் ரத்தம் எடுத்தார்கள், ஏறக்குறைய எல்லோருக்கும் ஏறியிருந்தது. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், அதனால் 300 முடித்த மறுநாள் வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் இது கூடுதலாக வந்தால், முந்தின நாள் என்ன செய்தீர்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நெடுவழியின் எக்கோ 400 முடித்த மூன்றாம் நாள் எடுத்தது என்பதும் இதனால்தான் முக்கியம்.

ஒரு விலக்கு உண்டு. டெஸ்மோசோம் என்ற தசை இணைப்புகளில் மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு நெடுந்தூரப் பயிற்சி வலது கீழறை நோயை முன்கூட்டியே இழுத்துவரும். குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் உண்டா என்று எதிர்க்காற்று கேட்டது அதற்காகத்தான்.

#13 பின்சக்கரம்

நெஞ்சில் இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் 21, ஸ்பெயினில் கட்டலோனியா சுற்று என்ற சைக்கிள் போட்டியின் முதல் நாள், இத்தாலியத் தொழில்முறை வீரர் சோன்னி கோல்பிரெல்லி இரண்டாவதாக வந்து கோட்டைத் தாண்டியதும் விழுந்தார், இதயம் நின்றுவிட்டது. ஐந்து மாதம் முன்பு பாரிஸ்–ரூபே என்ற பெரிய போட்டியை ஜெயித்தவர். அங்கேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் வைத்து அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உள்ளே கருவி பொருத்தினார்கள், இத்தாலியில் அதோடு போட்டியில் ஓட அனுமதி இல்லை, அந்த வருடமே விலகினார். இன்னொரு இத்தாலிய வீரர் எலியா விவியானி 2021 தொடக்கத்தில் தாளக் கோளாறுக்கு அப்லேஷன் செய்துகொண்டு மறுபடி போட்டிக்கு வந்தார். இருவர் கதையும் ஒன்றல்ல.

நம் கூட்டத்தில் இருபது பேர் சேர்ந்து 300 ஓட்டுகிறோம். பஞ்சர் ஒட்ட எல்லோருக்கும் தெரியும். விழுந்தவருக்கு மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் போன வருடம்தான் கற்றுக்கொண்டேன்.

மேடேறி அண்ணா, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அப்பா 58-ல் போனார் என்றீர்கள், உங்களுக்கு 57. கொலஸ்ட்ரால் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

#14 மேடேறி

பார்த்ததே இல்லை. 71 கிலோ, ஓட்டுகிறவனுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

#15 எதிர்க்காற்று

பாருங்கள் அண்ணா. ஓட்டம் எல்லாவற்றையும் கழுவிவிடாது. 2023-ல் வந்த மாஸ்டர்@ஹார்ட் ஆய்வில் வாழ்நாள் முழுவதும் நெடுந்தூரப் பயிற்சி செய்த ஆண்களுக்கு, ஆரோக்கியமாக வாழ்ந்த ஆனால் அவ்வளவு பயிற்சி செய்யாத ஆண்களைவிட இதயத் தமனிப் படிவு அதிகமாகவே இருந்தது. அதைக் கண்டு ஓட்டத்தை விடச் சொல்லவில்லை. 2019-ல் டல்லாஸ் கூப்பர் மருத்துவமனைக் கணக்கில் 21,758 ஆண்களைப் பார்த்தார்கள், மிக அதிகம் உழைத்தவர்களுக்குத் தமனியில் கால்சியம் கூடுதல், ஆனால் இறப்பு கூடவில்லை. படிவு இருந்தும் உழைப்பு காக்கிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஆனால் குடும்பத்தில் மாரடைப்பு உள்ள ஒருவர் தன் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், எவ்வளவு என்று தெரியாமல் 57-ல் மேடேறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மேட்டில் மட்டும் வந்து, நிறுத்தினால் போகும் நெஞ்சு இறுக்கம் வந்தால் அதை வாயு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

#16 நெடுவழி

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வீட்டில் சொன்னேன், மறுநாளே மூன்றாவதாக ஒரு இதய மருத்துவரிடம் போனோம், படபடப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும், ஏழு நாள் ஒட்டும் ஹோல்டர் போட்டார். ஐந்தாம் இரவு 2 மணிக்கு வந்தது, 48 நிமிடம், ஏஎஃப்தான். பின்சக்கரம் சொன்னது சரி. மிதிக்க வைத்து எக்கோ எடுத்தார்கள், பம்பிங் 52-ல் இருந்து 67-க்கு ஏறியது, எம்ஆர்ஐயில் தழும்பு இல்லை. ஆக கீழறை பயிற்சியின் இதயம், அதில் இரண்டாமவர் சரி. மேலறையில்தான் பிரச்சினை, அதை நான் சொல்லாததால் அவர் பார்க்கவில்லை.

தூக்கத்தையும் சோதித்தார்கள், மூச்சுத் தடை இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை என் வயதுக்கும் நிலைக்கும் இப்போது வேண்டாம் என்றார். மூன்று மாதம் நெடுந்தூரம் கூடாது, பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில் ஒரு மணி நேரம் மட்டும், வந்தால் எழுதிவைக்க வேண்டும், குறையவில்லையென்றால் அப்லேஷன் பேசலாம் என்றார். கையில் வைத்து 30 நொடி ஈசிஜி எடுக்கும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கிவிட்டேன். இந்த ஒன்பது வாரத்தில் ஒரே ஒரு முறை வந்தது, 12 நிமிடம்.

ஓய்வு நாடி 42-ல் இருந்து 49 ஆகியிருக்கிறது. அந்த எண் ஏறுவதைப் பார்க்கும்போது ஏதோ கையை விட்டுப் போவது போல இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பின்சக்கரம், உங்களுக்கு 58 ஆனபோது எப்படி இருந்தது? 600 திரும்ப ஓட்டினீர்களா?

#17 பின்சக்கரம்

முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது. 600 ஓட்டவில்லை. என் மருத்துவர் தடுக்கவில்லை, நானே வருடத்துக்கு இரண்டு 300, மற்றதெல்லாம் 200 என்று வைத்துக்கொண்டேன், நடுவில் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி. ராத்திரி முழுக்க விழித்து ஓட்டுவதில்லை. கடைசி 300-ல் விடியற்காலை பனியில் தனியாக ஒரு மேடு ஏறினேன், நாடி 138, தாளம் தப்பவில்லை. மேலே போய் நின்று இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன்.

#18 மேடேறி

எல்டிஎல் 171. மாத்திரை தொடங்கியாகிவிட்டது, தமனி ஸ்கேன் வியாழக்கிழமை. நெடுவழி, உங்கள் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஞாயிறு காலை நானும் வருகிறேன், உங்கள் வேகத்திலேயே மிதிப்போம்.